மேலூர் பக்கத்துக் கிராமத்தில் ஃபைபர் நெட்: 14 மாதம் வைத்துப் பார்த்த கணக்கு

என் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. நெட் எப்போது போனது, எப்போது வந்தது, யார் வந்து சரி செய்தார்கள், இவ்வளவுதான் அதில் எழுதுவேன். 2024 ஜூனில் ஃபைபர் இணைப்பு போட்ட நாளிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை 14 மாதத்தில் 11 தடவை நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 64 மணி நேரம் வருகிறது. ஒரே ஒரு தடவைதான் ஒரு நாளைத் தாண்டியது.

இதற்கு முன்பு வைத்திருந்த இணைப்பு ஒரு தடவை 19 நாள் வரவே இல்லை. அதனால்தான் இந்த நோட்டையே ஆரம்பித்தேன்.

மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா சிட்டா எடுப்பது, கரண்ட் பில், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கல்லூரிக் கவுன்சலிங், பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று, விவசாயிகளுக்குக் கேஒய்சி என்று காலை ஒன்பதரை மணி முதல் இரவு எட்டு வரை வேலை இருக்கும். நெட் நின்றால் என் தொழில் நிற்கும். அதைவிட, பேருந்துக்குக் காசு கொடுத்து வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அதனால் இந்த இணைப்பைப் பற்றி எழுதும்போது வேகத்தை மட்டும் பார்த்து எழுத எனக்கு வராது.

இணைப்பு கொடுப்பவர் பெரிய கம்பெனி அல்ல. டிவி கேபிள் தொழிலில் இருந்து ஃபைபருக்கு வந்த ஒரு உள்ளூர்க்காரர். மேலூர்ச் சாலையில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறார். எங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களையும் மட்டும் பார்த்துக்கொள்கிறார். பெயர் போடவில்லை, குறைகளும் எழுதப் போகிறேன் என்பதால். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரென்று தெரியும். வேறு ஊர்க்காரர்களுக்குப் பெயரால் பயன் இல்லை, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், அவரை எப்படிச் சோதித்து எடுப்பது என்பதுதான் பயன்படும்.

முதலில் காசு. இணைப்பு போட 1,500 ரூபாய், கடையில் வைக்கும் மோடம் பெட்டியும் சேர்த்து. மாதம் 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 400, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72, ஆக 472 ரூபாய். முதல் மூன்று மாதம் வெறும் வாட்ஸ்அப் செய்தியைத்தான் ரசீது என்று அனுப்பினார்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் வேண்டும் என்று இரண்டு தடவை நேரில் போய்க் கேட்ட பிறகுதான் ஒழுங்காக வருகிறது. வரி என்று வாங்கினால் பில் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இந்த 50 எம்பிபிஎஸ் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன். 2001 நவம்பரில் எங்கள் மேலூர் தாலுகாவில்தான் சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் சேர்ந்து, கிராமத்துக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சாரி திட்டம் என்று சொல்வோம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் அது. மேலூரில் கோபுரம், ஊரில் கூரை மேல் கம்பம் நட்டு ஆன்டெனா, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. பேசிக்கொண்டே நெட் பார்த்தால் 35 கேபிபிஎஸ், பேசாமல் இருந்தால் 70. ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால்தான் ஒரு எம்பிபிஎஸ். அப்போது நான் பிளஸ் டூவும் டைப்பிங் ஹையரும் முடித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிது. வங்கியில் கடன் வாங்கி, கம்ப்யூட்டர், பிரிண்டர், பேட்டரி, சின்னக் கேமரா எல்லாம் சேர்த்து சுமார் 50,000 ரூபாயில் 2002-ல் ஒரு மையம் போட்டேன். வீட்டுத் திண்ணைதான் மையம்.

அந்த 70 கேபிபிஎஸ்ஸில் என்ன செய்ய முடியும் என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாலுகா ஆபீசுக்கு முதியோர் பென்ஷன், பிறப்பு இறப்புச் சான்று விண்ணப்பங்களை ஈமெயிலில் அனுப்பினோம். அதற்கு முன்பு ஒரு விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள் கூலி போகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்புவோம். எங்கள் தெரு அப்பத்தா ஒருவருக்குப் புரை விழுந்திருந்தது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, "அசையாம இரு அப்பத்தா" என்று சொல்லிச் சொல்லி நாலு படம் எடுத்தேன். ஒவ்வொரு படமும் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையில் அந்தக் கோடு மெதுவாக நகர்வதை அப்பத்தா, அவர் மகன், நான், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேர், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வந்து காட்டச் சொல்லிப் பதில் வந்தது. போனார், ஆபரேஷன் ஆனது, பார்வை வந்தது. திரும்பி வந்ததும் நேரே என் திண்ணைக்கு வந்து, "உன் மூஞ்சிய இப்பத்தான் ஆத்தா சரியாப் பாக்குறேன்" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நெட் எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

மையத்தை 2005-ல் மூடினேன். வந்த வருமானம் கடன் தவணைக்கும் கரண்ட் பில்லுக்கும் காணவில்லை. தாலுகாவில் என்னைப் போல மையம் வைத்திருந்த மற்றவர்களிலும் பலர் அந்த வருடங்களில் மூடினார்கள். வருத்தம் உண்டு, ஆனால் அந்த மூன்று வருடம் கற்றுக்கொண்டதில்தான் இன்றைய கடை நிற்கிறது.

அரசு 2004-ல் அகலப்பட்டை, அதாவது பிராட்பேண்ட் என்பதற்கு வரையறை சொன்னபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே போதும் என்றது. அது 2 எம்பிபிஎஸ் ஆனது 2023-ல்தான். இப்போது என் மேசையில் வரும் 50 எம்பிபிஎஸ், அன்றைய 70 கேபிபிஎஸ்ஸைப் போல 700 மடங்குக்கும் மேல். இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைகிறது.

சரி, இணைப்புக்கு வருகிறேன்.

பகலில் எப்போது சோதித்தாலும் இறக்கம் 48, ஏற்றம் 47 என்று வருகிறது. ஏற்றம் என்று நான் சொல்வது நாம் அனுப்பும் பக்கத்து வேகம், அப்லோடு. இதை யாரும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை, ஆனால் என் மாதிரிக் கடைக்கு இதுதான் உயிர். படம் பார்ப்பவருக்கு இறக்கம் போதும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுபவருக்கு ஏற்றம் வேண்டும். முன்பு வைத்திருந்த கம்பெனி கூரையில் ஆன்டெனாத் தட்டு வைத்துக் கொடுத்தது. அதில் இறக்கம் 8, ஏற்றம் ஒன்றுகூட இருக்காது. பத்துப் பக்கப் பத்திரத்தை ஏற்றும்போது பாதியில் தளம் வெளியே தள்ளிவிடும், திரும்ப ஓடிபி, திரும்ப முதலில் இருந்து. காத்திருக்கும் கூட்டம் என்னைத்தான் பார்க்கும். இப்போது அதே வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது.

ஆனால் இரவு ஏழரை முதல் பத்து வரை வேகம் விழுகிறது. 18, 20, சில நாள் 22. ஊரே அந்த நேரத்தில் டிவியும் போனும் பார்க்கிறது. இது ஃபைபரின் குறை இல்லை. எங்களுக்கு வரும் தொழில்நுட்பம் ஜிபான். ஒரு கண்ணாடி இழையில் இறக்கம் இரண்டரை ஜிகாபிட், ஏற்றம் ஒன்றேகால் ஜிகாபிட் போகும். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அந்த அளவுக்கு எங்கள் ஊர் இன்னும் நிரம்பவில்லை. நெருக்கடி எங்கே என்றால், இவர் மதுரையில் இருந்து மொத்தமாக வாங்கும் அளவு ஊருக்குப் போதவில்லை. நேரிலேயே கேட்டேன். "இணைப்பு கூடுற வேகத்துக்கு நான் வாங்குறதக் கூட்டலக்கா, உண்மைதான்" என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்தது. ஆனால் ஒப்புக்கொண்டு நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் கூட்டவில்லை. நான் எட்டு மணிக்குக் கடையைச் சாத்துவதால் எனக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ராத்திரி வெளிநாட்டு ஆபீசுக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் இது பெரிய குறை. எங்கள் அடுத்த தெருப் பையன் ஒருவன் இதோடு இன்னொரு மொபைல் இணைப்பும் சேர்த்து வைத்திருக்கிறான். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவது அவனுக்குச் சுமைதான்.

இனி நோட்டில் இருக்கும் 11 தடவைக்கு வருகிறேன். என் பார்வையில் ஒரு இணைப்பின் தரம் இங்கேதான் தெரியும்.

நாலு தடவை அவர்கள் ஆபீசில் கரண்ட் போய் பேட்டரி தீர்ந்தது. மூன்று தடவை கம்பத்தில் இருந்து வரும் ஒயர் அறுந்தது. இரண்டு தடவை மதுரை போகும் முக்கியக் கேபிளைக் குழாய்க்குத் தோண்டிய பொக்லைன் வெட்டியது. ஒரு தடவை பச்சை நிறக் கனெக்டரில் தூசி. ஒரு தடவை என் பெட்டியின் அடாப்டர் எரிந்தது.

ஒயர் அறுந்த மூன்றில் ஒன்று வைக்கோல் வண்டி. தை அறுவடை முடிந்து டிராக்டரில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தெருவுக்குக் குறுக்கே தாழப் போன ஒயரை இழுத்துக்கொண்டே போய்விட்டது. இதில் வண்டிக்காரர் மேல் தப்பில்லை, வைக்கோல் எப்போதும் அந்த உயரத்தில்தான் போகும். ஒயரைத்தான் உயர்த்தியிருக்க வேண்டும். நாலு மணி நேரத்தில் வந்து ஒட்டினார்கள், கூடவே எதிர்வீட்டு மாடியில் ஒரு இரும்புக் கம்பி அடித்து ஒயரை மேலே தூக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அறுந்ததில்லை. அறுந்ததை ஒட்டிவிட்டுப் போவது ஒன்று, இனி அறுந்துபோகாமல் செய்துவிட்டுப் போவது வேறு. இந்த ஒரு வேலைக்காகவே அவர்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

இன்னொன்று, ஒரு நாளைத் தாண்டியது என்று சொன்னேனே, அந்த 26 மணி நேரம். போன ஐப்பசி மழையில் கால்வாய்க்கரைப் புளியமரத்தின் கிளை ஒயர் மேல் விழுந்தது. அந்த ராத்திரி யாரும் வரவில்லை, வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஈரத்தில் கம்பம் ஏறச் சொல்ல எனக்கு மனசு வராது. மறுநாள் சாயங்காலம் வந்து சரி செய்தார்கள். அந்த மரத்தைத் தாண்டித்தான் இன்றைக்கும் ஒயர் போகிறது.

மூன்றாவதை மறக்க முடியாது. இந்த ஆடி மாதம், இன்ஜினியரிங் கவுன்சலிங். ஒரு சுற்றில் தற்காலிக ஒதுக்கீட்டை உறுதி செய்யக் கடைசி நாள், மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும். கடையில் ஆறு பிள்ளைகள், அவர்களோடு அம்மாக்கள், ஒரு தாத்தா. சரியாக ஒரு மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. லாஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு. அது சிவப்பானால் இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம், பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. போனில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். எங்கள் தெருவில் டவர் இரண்டு கோடு காட்டும், அன்றைக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதே தளத்தில் இருந்தார்கள், பக்கம் திறக்கவே இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் போய் ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படியோ முடித்தோம்.

ஆபீசுக்குப் போன் போட்டேன், ஒயர் சரி செய்ய வரும் தம்பி எடுத்தான். "கவுன்சலிங் பிள்ளைங்க இருக்காங்க தம்பி, அஞ்சு மணிக்குள்ள முடியணும்" என்றேன். "வந்துர்றேங்க்கா, மிஷின் கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்றான். ஸ்பிளைசிங் மிஷின் இவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. தலைமுடி அளவு கண்ணாடி இழையின் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்து, மின்பொறியில் உருக்கி ஒட்டும் கருவி அது. ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "முடிச்சிட்டுச் சாப்பிடுறேன்" என்று ஏணியைச் சாத்தினான். தெருமுனை வீட்டில் சுண்ணாம்பு அடிக்கச் சாரம் கட்டியிருந்தார்கள், அதில் மாட்டி ஒயர் உள்ளே நொறுங்கியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெட்டி, உரித்து, துடைத்து, ஒட்டி, மூன்று இருபதுக்குப் பச்சை விளக்கு வந்தது. நாலரைக்குள் மீதி ஐந்து பிள்ளைகளுக்கும் உறுதி செய்துவிட்டோம். அதில் ஒரு பெண் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். அவள் அம்மா அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். நானும் அப்படித்தான் நின்றேன்.

இணைப்பு போட்ட நாளில் அதே தம்பி ஒரு சின்ன மீட்டரைக் காட்டி விளக்கியிருந்தான். என் வீட்டுக்கு வரும் ஒளியின் அளவு மைனஸ் 19 டிபிஎம். மைனஸ் 27 பக்கம் போனால் நெட் தடுமாறும், அதற்கும் கீழே போனால் சிவப்பு விளக்குதான். ஒயரைக் கதவிடுக்கில் நசுக்கினாலும், மூலையில் கூர்மையாக மடக்கினாலும் அளவு குறையும். வீட்டுக்குள் ஒயர் இழுக்கும்போது பெரிய வளையமாகச் சுற்றி விடச் சொல்லுங்கள். கனெக்டரின் முனையைக் கையால் தொடாதீர்கள், விரலின் பிசுக்கு போதும் கெடுப்பதற்கு. வேலை முடிந்து போவதற்கு முன்பு மீட்டரைக் காட்டச் சொல்லி அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்த எண்தான் பேசும்.

இடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூரைத் தட்டில் இருந்து செம்புக் கம்பி உள்ளே வந்த காலத்தில், சித்திரை இடிக்கு இரண்டு தடவை ரவுட்டரும், ஒரு தடவை கம்ப்யூட்டர் போர்டும் போயிற்று. ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் ஒயரைத் தாங்குவதற்குக் கூடவே ஒரு எஃகுக் கம்பி வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டிவிட்டு, இழை மட்டும் உள்ளே வர வேண்டும். இதை இவர்கள் கேட்காமலேயே செய்தார்கள். என் அடாப்டர் எரிந்தது கரண்ட் வழியாக வந்த இடியில். இப்போது மேகம் கூடினாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

பெரிய குறை பேட்டரிதான். என் கடையில் யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் ஓட்டுவேன். அவர்கள் ஆபீசில் ஊர்களுக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பும் முக்கியப் பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காத பழைய பேட்டரி. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் இருந்து கரண்ட் நிறுத்தும் நாளில் மதியத்துக்கு முன்பே நெட் போய்விடும். இது முன்கூட்டித் தேதி சொல்லி வரும் மின்தடை. அன்றைக்கு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தால்கூடப் போதும். புதுப் பேட்டரி வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

புகார் முறையும் திருந்த வேண்டும். எல்லாம் அந்தத் தம்பியின் போன் எண்ணில்தான் நடக்கிறது. அவன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இரண்டு நாளும் எடுக்க ஆள் இல்லை, நல்லவேளை அப்போது ஒன்றும் அறுந்துபோகவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-ல் கொண்டுவந்த விதிப்படி, புகார் சொன்னால் அதற்கு ஒரு எண் தர வேண்டும், தீரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்க வேண்டும். சின்ன நிறுவனம் என்பதற்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தத் தம்பிக்கும் இது நல்லது, ஒரு மனிதன் எட்டு ஊரையும் தோளில் சுமக்க முடியாது.

முந்தைய கம்பெனியிடம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், கட்டினேன். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த 19 நாள். போன் செய்தால் வெளியூரில் யாரோ எடுப்பார், "இன்னிக்கு வருவாங்க மேடம்" என்பார். பத்தொன்பது நாளும் அதே வார்த்தை. காசு அவர்கள் கையில் இருந்ததால் நான் வேறு இடத்துக்கும் போக முடியவில்லை. நவம்பர் மாதம் அது, பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் மாதம். எழுபது எண்பது வயதில், கைரேகை தேய்ந்துபோன விரல்களோடு வந்தவர்களை மேலூருக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிறது. இப்போது மாதாமாதம்தான் கட்டுகிறேன். சலுகை கொடுத்தாலும் வேண்டாம் என்கிறேன்.

ஊராட்சிக்கே ஃபைபர் வருகிறதே, அப்புறம் எதற்குக் கேபிள்காரரிடம் போகிறாய் என்று என் கூடப்பிறந்த தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அந்த வேலையைச் செய்ய டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. பெரிய வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் ஊராட்சி ஆபீஸ் வரை வரும் இழை தானாக என் கடைக்கு வராது. நடுவில் கம்பம், ஸ்ப்ளிட்டர், பெட்டி, பில், ஏணி, ஏணியில் ஏறும் ஆள் எல்லாம் வேண்டும். 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, இழையை வளையமாகப் போடுவதையும், போட்டவரே 10 வருடம் பராமரிப்பதையும் சேர்த்தார்கள். நேர்க்கோடாகப் போன கேபிளை ஒரு இடத்தில் வெட்டினால் அதற்கப்பால் எல்லா ஊரும் இருட்டு. வளையமாக இருந்தால் மறுபக்கம் சுற்றி வந்துவிடும். அந்தப் பத்து வருடப் பராமரிப்பு என்ற வரியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. எங்கள் கேபிள்காரரைப் போன்றவர்கள் அந்த வளையத்தில் இருந்து வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கும் நிலை வந்தால், இரண்டு தடவை பொக்லைன் வெட்டியதற்கு நான் 16 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

உங்கள் ஊரில் புதிதாக ஃபைபர் போடப் போகிறீர்கள் என்றால், விளம்பர நோட்டீசில் இருக்கும் வேகத்தை ஓரமாக வையுங்கள். ஏற்கெனவே அந்த இணைப்பு வைத்திருக்கும் மூன்று வீடுகளுக்குப் போங்கள். கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு வீட்டில் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து வேகம் சோதியுங்கள், ஏற்றத்தையும் சேர்த்து. ஸ்பிளைசிங் மிஷின் சொந்தமாக இருக்கிறதா, வாடகைக்கு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். வாடகை மிஷின் என்றால் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியப் பெட்டி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை மணி நேரப் பேட்டரி என்றும் கேளுங்கள். இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிறவரிடம் இணைப்பு வாங்காதீர்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. வீட்டுக்கு யோசிக்காமல் எடுக்கலாம். பகலில் வேலை செய்யும் கடைக்கும் எடுக்கலாம், சொந்தமாக யூபிஎஸ் இருந்தால். இரவு வேலைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

குறைத்த அந்த ஒரு மதிப்பெண் பேட்டரிக்கும் புளியமரத்துக்கும். போன வாரம் ஆபீசுக்குப் போய் இரண்டையும் எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன். மரத்துப் பக்கம் போகாமல் கால்வாய்க்கு இந்தக் கரையில் நாலு கம்பம் நட்டு ஒயரை மாற்றுவதாகச் சொன்னார், புரட்டாசிக்குள் முடித்துவிடுவாராம். நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன், இரண்டு கம்பம் நட்டிருக்கிறார்கள்.